முதியோர் இல்லத்தில் உடல் பராமரிப்பு: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகள் கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, அம்மாவோ அப்பாவோ இங்கே ஓர் இல்லத்தில் இருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் "சுகமா இருக்கிறன்" என்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. குளிக்க வார்ப்பது, வாய் துலக்குவது, மலசலகூடத்துக்குக் கூட்டிப்போவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது ஆகிய வேலைகளைப் பற்றியே இந்தப் பக்கம் பேசுகிறது. ஊசியும் மருந்தும் தாதியரின் பொறுப்பு. அவை இங்கே தேவையான இடத்தில் மட்டும் வரும்.

ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகிறோம். எதைக் கவனிப்பது?

மாபிள் தரையையும் சாமியறையையும் பார்த்து மயங்க வேண்டாம். காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஒருமுறை போங்கள். முடிந்தால் வேறொரு நாள் பின்னேரம் 5 மணியளவில் இன்னொருமுறை போங்கள். வேலை நெருக்கும் நேரங்கள் இவைதான். காலை 11 மணிக்கு எந்த இல்லமும் அழகாகத்தான் இருக்கும்.

அங்கே இருப்பவர்களின் விரல் நகத்தைப் பாருங்கள். நகத்துக்குள் அழுக்கு, காதுக்குப் பின்னால் காய்ந்த சவர்க்காரம், நாடியின் கீழ் நேற்றைய சோற்றுப் பருக்கை இருந்தால், கை கழுவும் வேலையும் முகம் துடைக்கும் வேலையும் ஓட்டமாக நடக்கிறது என்று பொருள். தண்ணீர்க் கோப்பை கைக்கு எட்டுகிறதா, அல்லது சுவரோர மேசையில் அழகுக்கு இருக்கிறதா? மூக்குக்கண்ணாடி துடைத்திருக்கிறதா? காது கேட்கும் கருவி காதில் இருக்கிறதா, லாச்சியில் இருக்கிறதா?

மணத்தையும் கவனியுங்கள். ஓர் அறையில் இப்போதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று காட்டும் வாடை குற்றமல்ல. மனிதர் வாழும் இடம் அது. மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஊறிப்போன சிறுநீர் மணம் வேறு கதை. வாசலிலேயே மூக்கைத் துளைக்கும் பினைல் மணமும் நல்ல அறிகுறியல்ல.

கடைசியாக ஒன்று கேளுங்கள்: "ராத்திரி யார் இருப்பார்கள், எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?" "ஒருவர் இங்கேயே படுப்பார்" என்பது விழித்திருப்பதற்கான பதில் அல்ல.

எத்தனை பராமரிப்பாளர்கள் இருந்தால் போதும்?

தலைக்கணக்கை விட மணிக்கணக்கில் யோசித்தால் தெளிவாகும். முழு உதவியும் வேண்டிய ஒருவருக்கு மலசலகூடம் 10 நிமிடம், வாய் துலக்க 5, குளிப்பாட்டி உடுத்திவிட 30, காலைச் சாப்பாடு ஊட்ட 20 முதல் 25 என்று வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது. அப்படி 8 பேர் இருந்தால் 8 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலை. அதை இரண்டு பேர் 6 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் முடிக்கவேண்டும் என்றால், மூச்சு விடாமல் செய்தாலும் கணக்கு இடிக்கும்.

நேரம் போதாதபோது எது முதலில் விடுபடும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். வாய் துலக்குவது முதலில் போகும். பிறகு ஊட்டும் கரண்டி பெரிதாகும். அடுத்து, "எந்தச் சட்டை போடுவம் அம்மா?" என்ற கேள்வி போகும். ஆகவே "எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்பதோடு, "முழு உதவி வேண்டியவர்கள் எத்தனை பேர்?" என்றும் கேளுங்கள். இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணுக்குப் பெறுமதி இல்லை.

தினமும் குளிக்க வார்க்கவேண்டுமா?

நம் ஊரில் குளிக்காமல் ஒரு நாள் இருப்பதே பெரிய விஷயம். ஆனால் முதியவரின் தோல் மெல்லியது. எண்ணெய்ப் பசை குறைந்தது. தினமும் மேல் கழுவினால் போதும். தலைக்கு வார்ப்பது கிழமைக்கு இரண்டு தடவை பலருக்குப் போதுமானது. சவர்க்காரத்தை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்தலாம். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் சவர் என்றால் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் தேய்ப்பார்கள், அது கழுவுப்படாமல் தோலில் தங்கும், பிறகு இரவெல்லாம் சொறிவு. கடைசி வாளியை மட்டுமாவது குழாய் நீரில் வார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சரியாகக் குளிப்பாட்டும் முறை என்ன?

துவாய், மாற்றுடுப்பு, சீப்பு, எல்லாவற்றையும் முதலே எடுத்து வைக்கவேண்டும். நனைந்த ஒருவரைக் கதிரையில் தனியே விட்டுவிட்டுத் துவாய் தேடி ஓடும்போதுதான் பல விழுகைகள் நடக்கின்றன. வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் சுடுதண்ணியைக் கலக்கவேண்டும். மாறிச் செய்தால், கலக்கும் முன் யாராவது கோப்பையால் அள்ளி ஊற்றிவிடும் ஆபத்து உண்டு. சூடு 38 முதல் 40 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் இதம். வெப்பமானி இல்லாவிட்டால் முழங்கையை விட்டுப் பார்க்கலாம். உள்ளங்கை வேலை செய்து தடித்திருக்கும், அதை நம்பவேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் சூடு தெரியாது. "சுடேல்ல" என்று அவர்கள் சொல்வதை வைத்து ஊற்றக்கூடாது.

தண்ணீரைப் பாதத்தில் தொடங்கி மேலே கொண்டுவர வேண்டும். எடுத்த எடுப்பில் தலையில் ஊற்றினால் மூச்சுத் திணறும். கழுவும் ஒழுங்கு இதற்கு எதிர்ப்புறம்: முகம் சவர்க்காரம் இல்லாமல், பிறகு கழுத்து, கை, நெஞ்சு, முதுகு, கால், கடைசியாகக் கீழ்ப்பகுதி. பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் கழுவவேண்டும். மாறினால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். முகத்துக்கு ஒரு துணி, கீழ்ப்பகுதிக்கு வேறொன்று. இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தால் என்றாவது மாறிப்போகும். நிறத்தைப் பிரித்து வைப்பதே நல்லது.

துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றியெடுக்கவேண்டும். மார்பின் கீழ், வயிற்று மடிப்பு, தொடையிடுக்கு, கால்விரல் இடை ஆகியவை ஈரமாக விடப்பட்டால் சில நாட்களிலேயே சிவந்து பூஞ்சணம் பிடிக்கும். அங்கே பவுடர் கொட்டுவது ஈரத்தோடு சேர்ந்து களியாகும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கை நிறுத்தத் தேவையில்லை. பலருக்கு அது உடம்புக்கு மட்டுமல்ல, நாளைக் கணக்கு வைத்துக்கொள்வதற்கும் உதவுகிறது. ஆனால் அவரை அறையில் இருத்தி, எண்ணெயைத் தலைக்கு மட்டும் வைக்கவேண்டும். குளியலறைத் தரையில் சொட்டிய நல்லெண்ணெய் ஓர் இடுப்பு எலும்பின் விலை. மாரி காலத்தில், வாடைக்காற்று அடிக்கும் நாட்களில், விடியக்காலைக் குளிப்பைத் தவிர்த்து வெயில் ஏறிய பின் 10 மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மறதி நோய் உள்ள அப்பா குளிக்கவே மாட்டேன் என்கிறார். பிடித்துக் குளிப்பாட்டுவது சரியா?

இல்லை. அவருக்கு அது குளிப்பு அல்ல. தெரியாத ஒருவர் தன் சாரத்தை அவிழ்க்க வருகிறார். கை ஓங்குவதும் கத்துவதும் அந்தப் பயத்தில் வருவதுதான். "குளிப்பமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதே பதில். "தண்ணி சூடா இருக்கு, கால் கழுவுவம் வாங்கோ" என்று காலில் தொடங்குங்கள். தோளைச் சுற்றித் துவாய் இருக்கட்டும், கழுவும் பகுதியை மட்டும் திறவுங்கள். கோப்பையை அவர் கையில் கொடுத்து அவரே ஊற்றட்டும். அப்போதும் மறுத்தால் விட்டுவிட்டு அரை மணித்தியாலம் கழித்து, முடிந்தால் வேறொருவர் போகவேண்டும். அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குறிப்புப் புத்தகத்தில் "குளிக்கவில்லை" என்று மட்டும் எழுதும் இல்லத்தை விட, "9 மணிக்கு மறுத்தார், 11 மணிக்குத் திரும்பக் கேட்டோம், முகம் கை கால் துடைத்தோம்" என்று எழுதும் இல்லம் எவ்வளவோ மேல்.

படுக்கைப்புண் வந்துவிட்டது. "வயசானால் வரும்தானே" என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் இல்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நெரிபட்டு, இரத்த ஓட்டம் நின்று, சதை செத்துப்போவதுதான் படுக்கைப்புண். வயது அதை இலகுவாக்குகிறது. உண்டாக்குவது அசைவில்லாமல் கிடப்பது. மிகவும் பலவீனமானவர்களுக்கு எல்லாம் செய்தும் வருவதுண்டு. ஆனால் எல்லாம் செய்யப்பட்டதா என்று கேட்பது உங்கள் உரிமை.

வழமையான மெத்தையில் கிடப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். நேரே பக்கவாட்டில் 90 பாகையில் வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின் தலையணை வைத்து 30 பாகை அளவு சாய்த்தால் போதும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிக்காலை மெத்தையில் படாமல் தூக்கிவிடவேண்டும். கதிரையில் இருப்பவருக்கும் புண் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மணிக்கணக்காக ஒரே இருப்பில் விடாமல், குறைந்தது ஒவ்வொரு மணித்தியாலமும் எழுப்பியோ சரித்தோ அழுத்தத்தை மாற்றவேண்டும். மேலே இழுக்கும்போது அக்குளில் பிடித்து இழுக்காமல், விரிப்போடு இரண்டு பேர் தூக்கவேண்டும். இழுபடும் தோல் உள்ளே கிழியும்.

தினமும் பார்க்கவேண்டிய இடங்கள் வால் எலும்பு, இடுப்பு, குதிக்கால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை, பின்தலை, காது. சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறித் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடு, கல்லுப்போன்ற தடிப்பு, வலி ஆகியவற்றைத் தேடவேண்டும்.

செய்யக்கூடாதவை: சிவந்த இடத்தை எண்ணெய் போட்டு உருவுவது, நடுவில் ஓட்டையுள்ள காற்றுவளையத்தில் இருத்துவது, புண்ணில் மஞ்சளோ சாம்பலோ ஸ்பிரிற்றோ போடுவது. தோல் உடைந்தால் தாதியிடமோ வைத்தியரிடமோ காட்டவேண்டும். மணம், சீழ், கறுப்பு, காய்ச்சல் கண்டால் அன்றே. காற்று மெத்தை வாங்கினால், மின்வெட்டில் அது தாழ்ந்து வெறும் பலகைபோல் ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த மெத்தை இருப்பதால் புரட்டுவதை நிறுத்த முடியாது.

புரட்டல் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தின் 12 கட்டங்களும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் நிரப்பியிருந்தால், அது பின்னேரம் தேநீரோடு இருந்து நிரப்பியது.

நாள் முழுக்க பம்பஸ் கட்டிவிடுகிறார்கள். பரவாயில்லையா?

சிலருக்குத் தேவை. ஆனால் கேட்டு எழும்பக்கூடிய ஒருவரிடம் "பம்பஸ் கட்டியிருக்குதானே, அதிலேயே போங்கோ" என்று சொல்வதை விடக் கேவலமான பராமரிப்பு இல்லை. சில கிழமைகளில் அவருக்குக் கேட்கும் பழக்கமே போய்விடும். பிறகு "கட்டுப்பாடு இல்லை" என்று எழுதுவார்கள்.

முதல் 3 நாள் எத்தனை மணிக்குப் போகிறார் என்று குறித்து, அதன்படி 2 அல்லது 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கூட்டிப்போவதே வழி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் கொமட் கதிரையில் இருத்தினால் மலச்சிக்கலும் குறையும். கால் தரையில் படவேண்டும், கதவு மூடியிருக்கவேண்டும். குந்து மலசலகூடம் மட்டும் உள்ள இல்லத்தில் முழங்கால் வலிக்காரர் போகாமல் அடக்குவார். அடக்குவதற்காகத் தண்ணீர் குடிக்காமல் விடுவார்.

பம்பஸ் கட்டினால் மலம் போனவுடன் மாற்றவேண்டும். சிறுநீருக்குக் கனக்கும்வரை காத்திருக்காமல் நேரம் வைத்துப் பார்க்கவேண்டும். தண்ணீரால் கழுவி, ஒற்றி, துத்தநாகக் களிம்பை மெல்லிதாகப் பூசினால் போதும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென உளறினால் "மறதி கூடிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்க் கிருமியோ நீரிழப்போ காரணமாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

வாய்க்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? பல்லே இல்லையே.

பல் இல்லாவிட்டாலும் முரசும் நாக்கும் உண்டு. வாய்க்குள் பெருகும் கிருமி, உமிழ்நீரோடு நுரையீரலுக்குப் போய் நியூமோனியா ஆகிறது. விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது உயிர் ஆபத்து. காலையும் இரவும் மென்மையான பிறஸ், அல்லது விரலில் சுற்றிய ஈரத்துணி. கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி, பச்சைத் தண்ணீரில் வைக்கவேண்டும்; சுடுதண்ணி அதை வளைத்துவிடும். கழுவும்போது கீழே தண்ணீர் நிறைந்த பேசின் இருந்தால் கைதவறினாலும் உடையாது. பெட்டியில் பெயர் எழுதுங்கள். ஒருவரின் பல் இன்னொருவரின் வாயில் இருப்பது கேட்கச் சிரிப்பாக இருக்கும்; நடப்பதுதான்.

ஊட்டும்போது புரைக்கேறுகிறது. என்ன பிழை?

பெரும்பாலும் இருப்பும் வேகமும். நிமிர்ந்து இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்தி, தேக்கரண்டி அளவில், முந்தியதை விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து அடுத்ததைக் கொடுக்கவேண்டும். ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுபவர் அண்ணாந்து வாங்குவார். அண்ணாந்தால் மூச்சுக்குழாய் திறக்கும். கதிரையைப் போட்டு முகத்துக்கு நேரே இருங்கள். சாப்பிட்டபின் 30 நிமிடம் படுக்கவிடக்கூடாது.

உதிரிப் புட்டும் காய்ந்த பாணும் அவித்த முட்டை மஞ்சளும் தொண்டையில் சிதறும். சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறு, முள் நீக்கிப் பிசைந்த மீன் இலகு. பாரிசவாதம் வந்த சிலருக்கு வெறும் தண்ணீரே ஆபத்து, தடித்த கஞ்சி இறங்கும். எந்தத் தடிப்பு என்று வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாகக் கரகரத்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். மூச்சே வராமல் அடைத்தால் முன்னே குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 அடி, பிறகு வயிற்றில் 5 அழுத்தம், மாறி மாறி. கூடவே ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்கட்டும்.

கச்சான் காற்றுக் காலத்தில் தனியாக ஏதும் செய்யவேண்டுமா?

ஆம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்து அடிக்கும். முதியவருக்குத் தாகம் மட்டுப்பட்டே தெரியும். வைத்தியர் அளவு கட்டுப்படுத்தாவிட்டால் நாளுக்கு 6 முதல் 8 கோப்பை. "தண்ணி வேணுமா?" என்று கேட்காமல், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையில் கொடுக்கவேண்டும். தண்ணீர் வெறுப்பவருக்கு இளநீர், மோர், கஞ்சி. சிறுநீரக நோயாளிக்கும் சில பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கும் இளநீரின் பொட்டாசியம் ஆகாது, கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கடும் மஞ்சள் சிறுநீர், காய்ந்த நாக்கு, எழும்பும்போது தலைச்சுற்று ஆகியவை பிந்திய எச்சரிக்கைகள்.

எல்லோருக்கும் சொறி. என்ன செய்வது?

விரலிடை, மணிக்கட்டு, இடுப்பு, இரவில் கூடும் கடி என்றால் சிரங்காக இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் மருந்து போடுவது வீண். அறையிலுள்ளவர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரே நாளில் போடவேண்டும். வைத்தியர் பேர்மெத்ரின் 5% களிம்பு தந்தால், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தின் அடியிலும் பூசி 8 முதல் 14 மணித்தியாலம் விடவேண்டும். முதியவர்களுக்குத் தலைத்தோலிலும் போடச் சொல்வதுண்டு. இடையில் கை கழுவினால் கையில் திரும்பப் பூசவேண்டும். 7 நாளில் இரண்டாம் தடவை. அன்றைய உடுப்பையும் விரிப்பையும் சுடுதண்ணியில் தோய்த்து வெயிலில் போடவேண்டும். மருந்துக்குப் பிறகும் 2 முதல் 4 கிழமை கடி இருக்கலாம்.

விழுந்துவிடுவார் என்று கட்டிலில் கட்டிவைக்கலாமா?

கூடாது. கட்டப்பட்டவர் அவிழ்க்க முயன்று கழுத்திலும் மார்பிலும் நெரிபடுவார். கட்டிக்கிடப்பதால் தசை வலுவிழந்து, கட்டாத நேரத்தில் இன்னும் எளிதில் விழுவார். இருந்தால் பாதம் தரையில் முழுதாகப் படும் உயரத்தில் கட்டில், மலசலகூடம் வரை இரவு லைற், பின்பட்டியுள்ள செருப்பு, நுனி தரையில் இழுபடாத சாரம் ஆகியவற்றால் பாதி வேலை முடிந்துவிடும். இரவில் விழுபவர்களில் பலர் சிறுநீருக்கு எழும்பியவர்கள். படுக்கும் முன் ஒருமுறை, 2 மணியளவில் ஒருமுறை கூட்டிப்போனால் கயிறு தேவைப்படாது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர், உப்புவெளியிலிருந்து ஒருவர், ஒரே அறையில். வழமைகள் வேறு. எப்படிச் சமாளிப்பது?

எழுதி வைத்துச் சமாளிப்பது. முஸ்லிம் பெண்ணுக்குப் பெண் பராமரிப்பாளர்தான். தலையில் முக்காடு எப்போது, எவர் முன் என்று கேட்கவேண்டும். வுழுவுக்கு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதற்கு, தண்ணீர் கட்டிலருகே வரவேண்டும். கடதாசியால் துடைத்தது அவருக்குச் சுத்தமாகாது, தண்ணீர் வேண்டும். இந்துவுக்குக் குளித்ததும் விபூதி. வெள்ளியில் மச்சம் இல்லை. இடது கையால் ஊட்டவேண்டாம். ஆண், பெண் எவராயினும், உடுப்பு மாற்றும்போது திரை இழுத்துவிடவேண்டும். இவை சலுகை அல்ல, வேலையின் பகுதி.

குறை இருக்கிறது. சொன்னால் அம்மாவைப் பழிவாங்குவார்களோ என்று பயம்.

அந்தப் பயம் நியாயமானது, ஆகவே முறையாகச் செய்யுங்கள். திகதி, நேரம், கண்டது என்ன என்று எழுதுங்கள். "எப்பவும் கவனிக்கிறேல்ல" என்பதை விட "12ஆம் திகதி பின்னேரம் 4 மணிக்குப் போனபோது காலைச் சட்டை ஈரமாக இருந்தது" வேலை செய்யும். முதலில் பொறுப்பாளரிடம், எழுத்தில், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு. அசையாவிட்டால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், பிறகு மாகாண சமூக சேவைகள் திணைக்களம், முதியோருக்கான தேசிய செயலகம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதைக் கடந்தவர் முதியவர். இல்லங்களின் பதிவும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. பதிவுச் சான்றிதழைக் கேட்டால் யாரும் கோபிக்கக்கூடாது. அடித்த காயம், கட்டிய தடம் என்றால் படி படியாகப் போகவேண்டியதில்லை: பொலிஸ் 119.

புகார் கொடுத்த பிறகு போய்ப் பார்ப்பதைக் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போன உறவினர் மூன்றுமுறை, வேறு வேறு நேரங்களில் போகட்டும்.

சேர்க்கும் நாளில் இல்லத்துக்கு என்ன கொடுக்கவேண்டும்?

உடுப்புப் பெட்டியோடு ஒரு தாள். கிளினிக் கொப்பியில் இருப்பதைத் திரும்ப எழுதவேண்டாம். அதில் இல்லாததை எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழும்புவார், தேநீர் பல் துலக்க முன்னா பின்னா, எந்தப் பக்கம் சரிந்து படுப்பார், எந்தக் காது கேட்கும், தலை எப்படி வாரிக்கொள்வார், சாரமா காற்சட்டையா, யார் தொட்டால் வெட்கப்படுவார், வலித்தால் சொல்வாரா அல்லது பேசாமல் சுவரைப் பார்த்துப் படுப்பாரா, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். "ரீச்சர்" என்று நாற்பது வருடம் கேட்டவர் "ஆச்சி" என்றால் திரும்பாமல் இருக்கலாம்.

உடுப்பு, துவாய், செருப்பு, கண்ணாடிக் கூடு எல்லாவற்றிலும் அழியாத மையில் பெயர். தாளின் ஒரு பிரதி கட்டிலருகே, இன்னொன்று கோவையில். வைத்தியசாலையில் இருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் அதைத் திருத்துங்கள். நடந்து போனவர் தள்ளுவண்டியில் வருவார், சோறு சாப்பிட்டவர் கஞ்சிக்கு மாறியிருப்பார், பழைய தாளை நம்பி யாரோ அன்றிரவே புட்டு ஊட்டுவார்கள்.